மார்கழிக்கு ஒரு பேனல்

கொற்கை, மாறமங்கலம், உமரிக்காடு, முக்காணி, ஏரல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு,



மொட்டை மாடியில் சின்னதாக ஒரு சோலார் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு வந்திருக்கிறது. ஐ.டி.ஐ. படிக்கிறவர், பாலிடெக்னிக் முடித்தவர், பிளஸ் டூவில் இயற்பியல் எடுத்தவர், தொட்டியில் மீன் வளர்க்கிறவர், ஹாம் ரேடியோ லைசென்சுக்குத் தயாராகிறவர் என்று பலரும் வருகிறீர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எந்த பேனல் வாங்க?" ஆளுக்கு ஆள் துண்டு துண்டாகச் சொல்வதில் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இதில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் முக்கால் யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கும் சேர்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து யூனிட். பேட்டரி, கன்ட்ரோலர், ஒயர் என்று போடுகிற பணம் பில்லில் திரும்பி வராது. பில்லைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கு வழி வேறு. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மத்திய அரசு மானியம் தருகிறது. வசதி உள்ள வீட்டில் அப்பாவிடம் சொல்லி அதைப் போடச் சொல்லுங்கள், நல்ல காரியம். ஆனால் பேட்டரி இல்லாமல் ஊர் லைனோடு இணைத்து வைக்கிற சோலார், ஊரில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

ஊரில் கரண்ட் நின்றாலும் ஓடும் என்ற இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் பேட்டரி வைத்த உங்கள் சின்ன சோலாரை நான் பெரிதாக நினைக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஆற்றங்கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்கழி பிறக்கிற நேரம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ஏரல் கடைத்தெரு முங்கிப்போனது. பாலத்தில் போக்குவரத்து அறுந்தது. கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. மாடியில் ஏறி நின்ற சனங்கள் கையில் போன் இருந்தது, அதில் சார்ஜ் இல்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள், ஊரில் அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் துடித்தார்கள். ஒரு போனை நிரப்ப 15 வாட்-அவர் போதும். மழை விட்ட மறுநாள் மந்தாரப் பகலில் 50 வாட் பேனல் ஒன்று இரண்டு மூன்று போன்களை நிரப்பியிருக்கும். தெருவுக்கு ஒரு மாடியில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேர் ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்!

ஆகவே நான் சொல்வது இதுதான். பேனல் விற்கிறவர்கள் சித்திரை வெயிலை வைத்துக் கணக்குச் சொல்வார்கள். நீங்கள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை வைத்துக் கணக்குப் போடுங்கள். வருஷத்தில் வெயில் மிகக் குறைவாகக் கிடைப்பதும், கரண்ட் போய்விட்டு நாள்கணக்கில் வராமல் இருப்பதும் நம் பக்கத்தில் அந்த மூன்று மாதங்களில்தான். அந்த நாளில் வேலை செய்கிற பேனல் மற்ற நாளெல்லாம் தானாக வேலை செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, ராத்திரி ஐந்து மணி நேரம்: 90 வாட்-அவர். நாலு போன்: 60. வைஃபை ரவுட்டர் பத்து மணி நேரம்: 100. மீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற 5 வாட் மோட்டார் இரவு பகலாக: 120. மொத்தம் 370 வாட்-அவர். பேட்டரியில் ஏற்றி இறக்குவதிலும், ஒயரிலும், பேனல் மேல் படிகிற தூசியிலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். ஆக பேனல் நாளொன்றுக்கு 530 தர வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெயில் காலத்தில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளுக்கு ஐந்தரை மணி. அந்தக் கணக்கில் 100 வாட் போதும். கடையிலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கார்த்திகை மழை நாள்களில் அது நாலு மணிக்கும் கீழே போய்விடும். மூன்றரை என்று வைத்தால் 150 வாட் வேண்டும், விடாமல் பெய்கிற வாரத்துக்கு அதுவும் காணாது. 200 வாட் வையுங்கள். இரண்டு நாள் தாங்குகிற பேட்டரி வையுங்கள். அதற்கு மேல் இந்த அளவு சாமானுக்குத் தேவையில்லை.

இனி கடைக்குப் போகலாம்.

கையில் ஒரு இன்ச் டேப் எடுத்துப் போங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மேல் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. இன்றைக்குக் கிடைக்கிற நல்ல மோனோ பேனல் அதில் 20 முதல் 22 சதவீதத்தைக் கரண்டாக மாற்றும். அப்படியென்றால் 100 வாட் பேனல் அரைச் சதுர மீட்டருக்கு ரொம்பக் குறைந்து இருக்கவே முடியாது. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் 300 வாட் என்று போட்டு, நாற்பதுக்கு முப்பது சென்டிமீட்டரில் ஒரு பேனல் வருகிறது. அந்தப் பரப்பில் ஏறக்குறைய 25 வாட்டுக்கு மேல் எந்தக் கம்பெனியாலும் எடுக்க முடியாது. பின்னால் என்ன லேபிள் ஒட்டியிருந்தாலும் சரி.

அடுத்து, கட்டங்களை எண்ணுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலில் 36 செல் வரிசையாக இணைத்திருக்க வேண்டும். செல்லை வெட்டிப் போட்டிருந்தால் எண்ணிக்கை மாறும். அப்போது பின்பக்க லேபிளில் வி.எம்.பி. (முழு வாட் தரும்போது உள்ள வோல்டேஜ்) என்ற இடத்தில் 18 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி 12 வோல்ட்தானே, பேனலுக்கு எதற்கு 18 என்று கேட்பீர்கள். லேபிளில் உள்ளதெல்லாம் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. நம் பங்குனி, சித்திரை வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போய்விடும். சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும். 18 என்பது 15 ஆகிவிடும். ஈய பேட்டரி நிறைய 14.4 வோல்ட் வேண்டும். ஒயரில் போவது போக அதற்குத்தான் சரியாக இருக்கும். 32, 33 செல் போட்டு மலிவாகத் தருகிற பேனல் குளிர் நாட்டில் எப்படியோ, நம் மாடியில் நடுமத்தியானம் பேட்டரியை நிரப்பாது.

கடைக்காரர் மீட்டரை வைத்து 21 வோல்ட் காட்டி, "பாருங்க தம்பி, சரியா இருக்கு" என்பார். எதுவும் இணைக்காதபோது வருகிற அந்த வோல்டேஜை (லேபிளில் வி.ஓ.சி.) மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். மந்தாரத்திலும் பேனல் அந்த வோல்டேஜைக் காட்டும்; பாதி கெட்ட பேனல்கூடக் காட்டும். உண்மை தெரிவது ஆம்பியரில்தான். பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள், மேகம் இல்லாத நேரமாகப் பார்த்து பேனலை வெளியே எடுத்து வரச் சொல்லுங்கள். சூரியனுக்கு நேராகத் திருப்பி வையுங்கள். அதன் மேல் ஒரு துணியைப் போடுங்கள். மல்டிமீட்டரில் சிவப்பு ஒயரைக் கழற்றி 10 ஆம்பியர் ஓட்டையில் மாட்டி, திருகியை டி.சி. ஆம்பியருக்குக் கொண்டுவாருங்கள். பேனலின் இரண்டு முனையிலும் மீட்டரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு துணியை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வினாடி போதும். திரும்பத் துணியைப் போட்டுவிட்டு முனையை எடுங்கள். லேபிளில் ஐ.எஸ்.சி. 6 ஆம்பியர் என்றிருந்தால் நல்ல வெயிலில் ஐந்து, ஐந்தரை வர வேண்டும். மூன்று வந்தால் நீங்கள் 50 வாட் பேனலுக்கு 100 வாட் விலை கொடுக்கப் போகிறீர்கள். இந்தச் சோதனை 100, 150 வாட் பேனலோடு நிற்கட்டும். பெரிய பேனல்களில் 13 ஆம்பியர் வரும்; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பேனலின் முதுகில் ஐ.எஸ். 14286 என்ற எண்ணும் பி.ஐ.எஸ். பதிவும் இருக்கிறதா பாருங்கள். நமக்கு இன்னொன்றும் முக்கியம். கடல் கொற்கையை விட்டு ஆறேழு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது, உப்புக் காற்று இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கம்பெனி தருகிற விவரத்தாளில் உப்புக் காற்றுச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 இருந்தால் அந்தப் பேனலுக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம். பேனலை விடச் சீக்கிரம் துருப்பிடிப்பது போல்ட்டும் நட்டும்தான். அலுமினிய ஃபிரேமில் சாதா இரும்பு போல்ட்டைப் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேளுங்கள். ஸ்டாண்டு நன்றாக ஜி.ஐ. முலாம் பூசியதாக இருக்கட்டும். வளைகிற பேனல் என்று பிளாஸ்டிக் தகடு போல விற்பதை வாங்க வேண்டாம். அதை தளத்தோடு ஒட்டித்தான் வைக்க முடியும். அடியில் காற்றுப் போகாது, நம் வெயிலில் சீக்கிரம் கருகிவிடும்.

செல் வகை மோனோ பெர்க்கா, டாப்கானா என்று நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.29, 0.30. செல் 65 டிகிரியில் இருந்தால் ஒன்று 14 சதவீதம் இழக்கும், மற்றது 12. 200 வாட்டில் அது நாலைந்து வாட். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பேனலுக்கு அடியில் அரை அடிக்குமேல் இடைவெளி விட்டு மேலக்காற்று புகுந்து போக வழிவிட்டால் அந்த நாலைந்து வாட் காசில்லாமல் கிடைக்கும்.

உண்மையாகவே யோசிக்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு பெரிய பேனலா, இரண்டு சின்னதா? பெரிய வீட்டு சோலாருக்கு வருகிற 540 வாட் பேனலில் வாட்டுக்கு விலை குறைவு. அதைப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள். அதன் வோல்டேஜ் 41, கரண்ட் 13 ஆம்பியர். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கிற சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரில் அதை மாட்டினால், அந்தக் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கு இழுத்துவிடும். 13 வோல்ட், 13 ஆம்பியர்: 170 வாட்தான் பேட்டரிக்குப் போகும், மீதி எங்கேயும் போகாது. மலிவான கன்ட்ரோலர் அந்த வோல்டேஜைத் தாங்காமல் எரிந்துபோகவும் கூடும். பெரிய பேனலை வைத்தால் 100 வோல்ட் தாங்குகிற, கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தருகிற எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கட்டாயம். அதோடு அந்தப் பேனல் ஏழரை அடி நீளம், கிட்டத்தட்ட 28 கிலோ. ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாயில் புகுந்து வந்து நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கயத்தாற்றில் காற்றாலைகளைச் சும்மா நிறுத்தவில்லை. சரியாகக் கட்டாத பெரிய பேனல் அந்தக் காற்றில் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போய் விழும்.

என் கருத்தில் முதல் தடவை செய்கிறவர்கள் 100 வாட்டில் 36 செல் மோனோ பேனல் இரண்டு வாங்குவது நல்லது. வாட்டுக்கு விலை கூடத்தான். ஆனாலும் ஒரு ஆள் தூக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். நிழல் விஷயத்திலும் இதுதான் நல்லது. 36 செல் பேனலில் 18 செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு இருக்கும். தென்னை ஓலையின் நிழல் ஒரே ஒரு செல் மேல் விழுந்தால் அந்தப் பாதி முழுவதும் ஒதுங்கிவிடும். மீதிப் பாதி தருவது 9 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்குள் 9 வோல்ட் எப்படி ஏறும்? ஆக ஒரு கீற்றின் நிழலில் முழுப் பேனலும் செத்த மாதிரிதான். நம் ஊரில் தென்னையும் பனையும் இல்லாத மாடி எது? இரண்டு பேனலைத் தள்ளித் தள்ளி வைத்துப் பேரலலாக இணைத்தால் ஒன்று நிழலில் இருக்கும்போது மற்றது ஓடும். காக்காய் எச்சமும் அந்த ஓலை நிழல் செய்கிற வேலையைச் செய்யும், வாரத்துக்கு ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள். கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு வாளி, மெல்லிய துணி, விடியற்காலை நேரம். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது.

எந்தப் பக்கம் சாய்ப்பது? கொற்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. சித்திரை பிறப்பதிலிருந்து ஆவணி பாதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாளில் மாடிச் சுவரின் நிழல் தெற்கே விழுவதை நீங்களே பார்க்கலாம். அப்போது பேனல் எப்படி இருந்தாலும் வெயில் தாராளம். மார்கழியில் அது தெற்கே 32 டிகிரி சரிந்துவிடுகிறது. மேகம் விலகுகிற ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைப்பதை விடாமல் பிடிக்க வேண்டும். அதனால் முகம் தெற்கே. புத்தகங்களில் நம் ஊருக்கு 10 டிகிரி போதும் என்று இருக்கும். வருஷக் கணக்குக்கு அது சரி. நம் கணக்கு மார்கழிக் கணக்கு. ஒரு மீட்டர் நீளப் பேனலில் வடக்கு விளிம்பை தெற்கு விளிம்பை விட ஒரு அடி தூக்கி வையுங்கள். 17, 18 டிகிரி வரும். மழைத் தண்ணீரும் நிற்காமல் ஓடும்.

ஒயரில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் பத்து மீட்டர் தூரம் போனால், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் போகவர ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். எட்டில் ஒரு பங்கு! 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். மின்னல் நாளுக்காக ஃபிரேமுக்கு எர்த். பகலில் பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்; வேலை செய்யும்போது மேலே போர்வையைப் போட்டு மூடிவிடுங்கள்.

பேட்டரி எதுவானாலும் சரி, ஈய டியூபுலரானால் 150 ஏ.எச்., லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஆனால் 80, 100 ஏ.எச். 2023-ல் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அம்மாவைக் கேளுங்கள். அதற்கு ஒரு முழம் மேலே பலகை அடித்து வையுங்கள். மாடியில் அறை இருந்தால் அங்கேயே வையுங்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், ஜன்னல் திறந்திருக்கட்டும். இதைச் சொல்லாமல் பேனலைப் பற்றி மட்டும் சொன்னால் வெள்ளத்தில் பேனல் மாடியில் பத்திரமாக இருக்கும், பேட்டரி கீழே முங்கிக் கிடக்கும்.

உங்களில் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் சோலார் செல், பேனல் ஆலையை 2025 பிப்ரவரி 6-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். வருஷத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு செல்லும் பேனலும் செய்கிற இடம். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாடியில் தம்பி பேனல் மாட்டும்போது நீங்கள் கீழே நின்று பார்க்க வேண்டாம். மீட்டரை நீங்கள் பிடியுங்கள். வி.ஓ.சி. என்றால் என்ன, ஐ.எஸ்.சி. என்றால் என்ன என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்வி பயம் தராது.

விலையைப் பற்றி இவ்வளவு சொல்லலாம்: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 12 போட்டால் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி என்பார்கள், பில்லும் சீரியல் நம்பரும் இல்லாமல் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

ஆசைப்படுகிறவர்கள் ஒரு ஊருக்கு நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். ஆளுக்கொரு மல்டிமீட்டர் வேண்டாம், சேர்ந்து ஒன்று வாங்குங்கள். 10 ஆம்பியர் டி.சி. பார்க்கிறதாக இருக்கட்டும். அதுவரை என்னுடையதைக் கொண்டுபோகலாம். ஏரலிலோ தூத்துக்குடியிலோ பேனல் எடுக்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். எப்படியும் புரட்டாசி முடிவதற்குள் மாட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த மாடியில் ஏறி டிரில் போடுகிற வேலை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்கார அண்ணாச்சி,
கொற்கை